ஈச்சங்காட்டைப் படிப்பது எப்படி: சேர்வராயன் மலைச் சரிவில் முதல் நடை

ஏற்காட்டுக்கு முதல் தடவை வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இங்கே பைன் காடு எங்கே இருக்கு?” ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மலை என்றாலே பைன் இருக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. சேர்வராயன் மலையில் பைன் காடு கிடையாது. தென்னிந்தியாவில் எங்குமே பைன் தானாக வளர்வதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிற்பவை கொண்டுவந்து நட்டவை. இந்தியாவின் சொந்தப் பைன்கள் இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் இருக்கின்றன. 1968-இல் சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் இந்தியக் காடுகளை 16 பெரும் பிரிவுகளாக வகுத்தபோது துணை வெப்பமண்டலப் பைன் காட்டுக்கென்று தனிப் பிரிவே ஒதுக்கினார்கள். நம் மலைச் சரிவு வருவது வறண்ட இலையுதிர் காட்டுப் பிரிவில்.

ஆனால் பைன் காடு எப்படி உயிர் வாழ்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு சேலத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்வோம். மேலே ஸ்லாஷ் பைன் மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். கீழே சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையினம் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். மண் மிக மெல்லியது. அடியில் சுண்ணாம்புப் பாறை. மரங்கள் நெருங்காததால் வெயில் தரை வரை இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ புல்மட்டத்தில் ஓடிப் போகும். அதைத் தாங்குகிற செடிகள்தான் அங்கே குடியிருக்க முடியும். இப்போது நம் சரிவைப் பாருங்கள். மேலே நமை, வெப்பாலை, நெல்லி, உசிலை தள்ளித் தள்ளி. கீழே ஈச்சையும் புல்லும். மெல்லிய மண், அடியில் சார்னோக்கைட் என்ற கரும்பாறை. பைனைத் தவிர மற்ற எல்லாப் பாத்திரங்களும் மேடையில் இருக்கின்றன.

இந்த மாதிரித் திறந்த காட்டின் கதை முழங்காலுக்குக் கீழேதான் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்துவிட்டு “காடு காய்ஞ்சு போச்சே” என்று திரும்பிவிடுகிறார்கள். குனிந்து தரையைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எப்போது போவது, எங்கே நிற்பது

முதல் நடைக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும் சரியான காலம். மழை முடிந்து புல் முதிர்ந்திருக்கும், விதை கட்டியிருக்கும், வெயில் கொல்லாது. பிப்ரவரி பாதியிலிருந்து மரங்கள் இலையை உதிர்க்கத் தொடங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சரிவுக் காட்டுக்குள் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கக் கூடாது. காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. நானே ஒரு மார்ச் மாத மத்தியானம் பள்ளத்தாக்கில் ஒரு புகைக்கோடு எழும்புவதைப் பார்த்து, ஏறிய பாதையிலேயே திரும்பி இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தீ எங்கள் பக்கம் வரவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் அந்த மாதங்களில் நான் சாலையைவிட்டு இறங்குவதில்லை.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நல்லவேளையாக, இந்தப் பாடத்துக்கு உள்ளே போக வேண்டிய அவசியமும் இல்லை. சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தால் அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை நிறுத்த அனுமதியுள்ள, அகலமான இடங்களில் நின்று சாலையோரச் சரிவைப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். மேலே போனால் ஊர்களுக்குப் போகும் நடைபாதைகள் உண்டு. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு நடக்கலாம். தோட்டங்களுக்குள் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

காலை 7 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் காட்டெருமைகள் தோட்ட ஓரங்களில் மேய வரும். சாது போல நிற்கும். அந்த நிற்பை நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர், முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, ஒரு நோட்டு, பென்சில், 4 மீட்டர் கயிறு. கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பைன் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஏற்காட்டில் “பைன்” என்று காட்டப்படுகிற மரங்களில் பல வேறு எதுவோவாக இருக்கும். பங்களாத் தோட்டங்களில் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ அரவ்காரியா என்ற இனம். காப்பிக்கு நிழலாக நெடுநெடுவென்று நிற்பது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி மினுங்கும். மிளகுக்கொடி பெரும்பாலும் இதன்மேல்தான் ஏறியிருக்கும்.

அதிகமாக ஏமாற்றுவது சவுக்கு. ஒரு சவுக்கு ‘இலை’யை எடுத்து இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கணு கணுவாகக் கழன்று வரும். கழன்ற இடத்தை உற்றுப் பார்த்தால் வட்டமாகச் சின்னச் சின்னப் பல்வரிசை தெரியும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் உண்மையான இலை. நாம் இலை என்று நினைத்தது மெல்லிய கிளை. பைன் ஊசி இப்படிக் கழலாது. அது இரண்டோ மூன்றோ ஐந்தோ சேர்ந்து, அடியில் ஒரு சிறு உறைக்குள் செருகிய கட்டாக இருக்கும். இமயமலை அடிவாரத்துச் சிர் பைனுக்கு ஒரு கட்டில் மூன்று ஊசிகள். ஊட்டி, கொடைக்கானல் போகும்போது கீழே விழுந்து கிடக்கும் ஒரு கட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

இப்போது கயிற்றை விரியுங்கள்

பாறை துருத்திக்கொண்டிருக்கும், புல் நிறைந்த ஒரு சரிவு ஓரத்தில் அந்தக் கயிற்றை முடிச்சுகளில் பிடித்துச் சதுரமாக விரித்தால் ஒரு சதுர மீட்டர் கிடைக்கும். அதற்குள் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. இது வேறு, அது வேறு என்று கண் பிரித்தால் போதும். பத்து நிமிஷம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் பத்தடி தள்ளி, மரநிழல் அடர்ந்த ஓர் இடத்திலோ உண்ணிச்செடிப் புதருக்கடியிலோ அதே கயிற்றை விரித்து எண்ணுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். வெளிச்சம் விழுகிற தரைக்கும் விழாத தரைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

புல்லில் ஒன்றை மட்டும் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள்: ஊசிப்புல். நீங்கள் பழகாவிட்டாலும் அது உங்கள் கால்சட்டையில் குத்திக்கொண்டு கூடவே வரும். ஒரு விதையைப் பிடுங்கி எடுங்கள். முன்னால் கூரான முனை, பின்னால் கருஞ்சிவப்பு நிறத்தில் முறுக்கிய நீண்ட வால். உள்ளங்கையை நனைத்து அதன்மேல் விதையை வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். வால் மெதுவாகச் சுழலத் தொடங்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் திரும்ப முறுக்கும். இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் இப்படித் திரும்பித் திரும்பி விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. மேலே தீ ஓடினாலும் மண்ணுக்குள் இறங்கிவிட்ட விதை தப்பித்துவிடும். இதே ஊசிப்புல் இமயமலைச் சிர் பைன் மரங்களுக்கு அடியிலும் சரிவு சரிவாக வளர்கிறது. பைன் இல்லாத நம் மலையில் பைன் காட்டின் தரை இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இந்தப் புல் ஒரு சாட்சி.

ஈச்சையின் பக்கத்தில் உட்காருங்கள்

இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சரிவில் இடுப்புயரம், ஆளுயரத்துக்கு நிற்கும் ஈச்சையைத்தான் சிற்றீச்சை என்கிறோம். சமவெளி ஓடைக்கரைகளில் உயரமாக வளர்வது வேறு, ஈச்சமரம். சிற்றீச்சை இமயமலை அடிவாரம் தொடங்கி தைவான், பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. அடையாளம் காண ஒரு சுலபமான வழி: தென்னங்கீற்றின் ஒவ்வோர் இலக்கும், அதாவது கீற்றில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு சிற்றிலையும், கூரை மாதிரி கீழ்நோக்கி மடிந்திருக்கும். ஈச்சையின் இலக்கு தோணி மாதிரி மேல்நோக்கி மடிந்திருக்கும். மட்டையின் அடியில் இருக்க வேண்டிய இலக்குகள் முள்ளாக மாறியிருக்கும். கையை மேலிருந்து கீழாக ஓட்டாதீர்கள்.

தண்டைப் பாருங்கள். பழைய மட்டைகளின் அடிக்கட்டைகள் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். பல செடிகளில் அந்தச் செதில்கள் கருகியிருக்கும். ஆனால் உச்சியில் பச்சைக் குருத்து நிமிர்ந்து நிற்கும். இது எப்படி என்று புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வேம்போ மாவோ போன்ற மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கில். சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். தீ சுற்றிச் சுட்டாலும் அதே கதிதான். ஈச்சை, பனை, தென்னை எல்லாம் வேறு கட்டமைப்பு. நீரும் உணவும் ஓடும் நார்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே ஓட்டம் நிற்காது. இதற்கு ஒரே உயிர்நிலை குருத்துதான். அது பல மட்டை அடிகளுக்கு நடுவில் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளி ஓலைகள் எரிந்து போனாலும் குருத்து பிழைத்தால் புது ஓலை வரும். ஃபுளோரிடாவின் சா பால்மெட்டோவும் இதையேதான் செய்கிறது. தீ ஓடிய சில வாரங்களில் பச்சை விசிறிகளை நீட்டிவிடும். அதற்குமேல் நிற்கும் பைனுக்கு வழி வேறு: தகடு தகடாகத் தடித்த பட்டையை வளர்த்து, உள்ளே இருக்கும் உயிரடுக்கைச் சூடு தாக்காமல் காத்துக்கொள்கிறது.

விளக்குமாறுக்காக ஈச்ச ஓலை அறுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளிப் பாட்டியம்மாவிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையின் பழங்குடி மக்கள் அவர்கள், பேச்சு தமிழ்தான். அவர் சுற்று ஓலைகளை மட்டும் அறுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏன் நடுவிலிருப்பதை விடுகிறீர்கள் என்று கேட்டேன். “குருத்த மட்டும் உட்டுரு கண்ணு, மத்ததெல்லாம் திரும்ப வந்துரும்” என்றார். தாவரவியல் வகுப்பில் அரைமணி நேரம் எடுக்கும் விஷயம் அது.

கூடுதலாக ஒன்று. ஈச்சையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழக்குலை தொங்குவது பெண் செடியில் மட்டும்தான். ஒரு சரிவில் காய்க்காத ஈச்சைகள் நிறைய இருந்தால் அவை நோயுற்றவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தீயின் கையெழுத்து

தீ எப்போது வந்தது, எவ்வளவு உயரம் எரிந்தது என்பதைச் சரிவே சொல்லும். மரங்களின் அடித்தண்டில் கருமை எந்த உயரம் வரை இருக்கிறது என்று பாருங்கள். முழங்கால் உயரத்தில் நின்றிருந்தால் புல்தீ. வேகமாக ஓடிப் போயிருக்கும். ஆளுயரத்துக்கு மேல் ஏறியிருந்தால் அங்கே எரிய வேறு ஏதோ குவிந்திருக்கிறது. தண்டின் எந்தப் பக்கம் காயம் ஆழம் என்றும் பாருங்கள். சரிவில் பெரும்பாலும் மேட்டுப் பக்கம்தான் அதிகம் வெந்திருக்கும். உருண்டு வரும் சருகு அங்கே தேங்குவது ஒரு காரணம், தீ ஏறிப் போகும்போது தண்டின் பின்புறம் சுழன்று நிற்பது இன்னொன்று. ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டுகள் கொத்தாகக் கிளம்பியிருந்தால், அந்த மரம் ஒருமுறையாவது வெட்டப்பட்டோ எரிந்தோ திரும்ப முளைத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ‘அப்படியானால் தீ நல்லது’ என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. ஃபுளோரிடாவில் தீயை முற்றிலும் தடுத்தால் இருபது முப்பது ஆண்டுகளில் அகல இலை மரங்கள் நெருங்கி வளர்ந்து பைன் கன்றுகளுக்கு வெளிச்சமில்லாமல் போகிறது என்பது உண்மைதான். அதனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள், காற்றையும் ஈரப்பதத்தையும் அளந்து, அனுமதியோடு எரிக்கிறார்கள். நம் சரிவில் நிலைமை வேறு, அதற்குக் காரணம் உண்ணிச்செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1800-களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று புல் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கிறது. புல்தீ காலடியில் ஓடிப் போகும். உண்ணிப்புதரில் பிடித்த தீ ஏணி வைத்த மாதிரி மரத்தின் கிளை வரை ஏறும். குருத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஈச்சைக்கும் அந்தச் சூட்டில் ஆபத்துதான். எரிந்த இடத்தில் உண்ணியே முதலில் துளிர்க்கிறது. ஆகவே ஒரு தீக்குச்சி கூட வேண்டாம், பீடித் துண்டு கூட வேண்டாம். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நோட்டில் எழுத வேண்டியது: புல் எத்தனை பங்கு, ஈச்சை எத்தனை, உண்ணி எத்தனை. பத்துக்கு இத்தனை என்று கண்மதிப்பாகப் போட்டால் போதும். ஈச்சையில் காய்ந்த மட்டை எத்தனை, பச்சை எத்தனை. கருமை எந்த உயரம். கன்றுகள் உண்டா. நின்ற இடத்தை எந்த வளைவு, எந்தப் பாறை என்று அடையாளத்தோடு குறியுங்கள். சந்தன மரமோ காட்டு ஆர்க்கிட் பூவோ கண்ணில் பட்டால் சந்தோஷமாகப் பாருங்கள், ஆனால் இடத்தோடு படம் போடாதீர்கள். பார்க்கிறவர்களில் வெட்ட வருகிறவரும் இருப்பார். பூக்களின் பெயர் பழக வேண்டுமென்றால் 1963 முதல் ஏற்காட்டில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே பெயர்ப்பலகையோடு பார்த்துவிட்டு வந்தால் கண் கூர்மையாகும்.

இறங்கும் வழியில் ஒரு பனை

அடிவாரம் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். குரும்பப்பட்டிப் பக்கமோ கன்னங்குறிச்சிப் பக்கமோ வயல் வரப்பில் நிற்கும் ஒரு பனையடியில் கொஞ்சம் நில்லுங்கள். காலையில் கற்ற பாடத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

காய்ந்த ஓலைகள் கழிக்கப்படாமல் பாவாடை மாதிரி தொங்குகிற பனையாகத் தேர்ந்தெடுங்கள். அந்த ஓலைகளின் உட்புறம் பனை உழவாரன் குருவி எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கும். கீழிருந்து பார்த்தால் அம்பு மாதிரி மெல்லிய பறவைகள் ஓலைக்குள் புகுந்து புறப்படுவது தெரியும். பனையைச் சுத்தமாகக் கழித்து ‘அழகாக’ வைத்திருக்கும் இடங்களில் இந்தக் குருவிக்கு வீடு கிடையாது. மட்டை இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து ஆலோ அரசோ முளைத்து, வேர் பனையைத் தழுவிக்கொண்டு கீழிறங்கும் காட்சியும் கிடைக்கலாம். பனை உள்ளே நிற்க, வெளியே ஆல் நிற்கும்.

பொங்கல் சமயத்தில் நாம் சுட்டும் வேகவைத்தும் தின்கிற பனங்கிழங்கை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் மேலே வராது; மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அங்கே கிழங்கு திரண்ட பிறகுதான் இலை மேலே தலைகாட்டும். வளரும் நுனி இப்படிக் கீழே இருப்பதால் மேலே மாடு மேய்ந்தாலும் புல்தீ ஓடினாலும் கன்று பிழைத்துக்கொள்கிறது.

இரண்டாம் நடை

ஜூனில் இரண்டு மூன்று நல்ல மழை விழுந்ததும் அதே கயிற்றோடு அதே பாறையடிக்குப் போங்கள். முதல் நடையில் காய்ந்த மட்டைகளை எண்ணிய ஈச்சையைத் தேடுங்கள். கோடையில் தீ வந்திருந்தால் செதில்கள் புதிதாகக் கருத்திருக்கும், நடுவில் வெளிர்பச்சைக் குருத்து பிரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும். அதன் உயரத்தைச் சாண் கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து முடிந்தால் இன்னொரு தடவை போய் அளங்கள். கயிற்றுச் சதுரத்துக்குள் மறுபடியும் எண்ணுங்கள். டிசம்பரில் இல்லாத செடிகள் எத்தனை வந்திருக்கின்றன என்று பாருங்கள். பக்கத்து உண்ணிப்புதருக்கடியிலும் எண்ண மறக்காதீர்கள். அங்கே குனிந்து உள்ளே பார்க்கக் கைவிளக்கு தேவைப்படும்.